பித்தப்பைக் கல்லும் சளியும் ஹோர்மோன்களும்



லாச்சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் நாலு பெண்கள் சேர்ந்து நின்றால் அதில் ஒருவருக்காவது வாய்வு இருக்கும். “இரவு கொத்துரொட்டி சாப்பிட்டனான், இஞ்சை வலது பக்கம் கொழுவிப் பிடிச்சு முதுகு வரைக்கும் போகுது” என்பார். ஒருவர் உள்ளியைச் சுட்டுத் தின்னச் சொல்லுவார். இன்னொருவர் ஓமத்தண்ணி என்பார். மூன்றாமவர் கைப்பையைத் திறந்து ஸ்பாஸ்ஃபோன் குளிசை இரண்டை எடுத்துக் கொடுப்பார். நோவு அடங்கிவிடும். அடுத்த கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப வரும்.

அந்த நோவுகள் எல்லாமே வாய்வு அல்ல. அதில் ஒரு பகுதி பித்தப்பையிலிருந்து வருவது. பித்தப்பையில் கல் என்றவுடன் எங்கள் ஆட்கள் சொல்லும் முதல் காரணம் எண்ணெயும் இறைச்சியும். அது பாதிக் கதைதான். மற்றப் பாதியில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன: பித்தப்பை சுரக்கிற சளி, எங்கள் உடம்பில் ஓடுகிற ஸ்டெரொயிட் ஹோர்மோன்கள். பிள்ளை பெறுகிற வயதுப் பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகக் கல் வருவதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் அல்ல. ஊரில் வணிகவியல் படித்து, இங்கே வந்து கடைக்காரர்களின் கணக்குப் புத்தகம் பார்க்கிறவள். ஆனால் பித்தநீரைப் பற்றி வாசிக்க வாசிக்க, இது எனக்குப் பழக்கப்பட்ட தொழில் போலத்தான் இருந்தது. அதுவும் ஓர் ஐந்தொகைதான். இரண்டு பக்கமும் சரி வரவேண்டும்.

எங்கள் ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கிற சின்னப் பைதான் பித்தப்பை. முப்பது முதல் ஐம்பது மில்லிலீற்றர், அதாவது ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பையில் பாதிகூட வராது. அந்தப் பை தண்ணீரை உறிஞ்சிப் பித்தநீரைத் தடிப்பாக்கி வைத்திருக்கும். நாங்கள் கொழுப்புள்ள சாப்பாடு சாப்பிட்டால் சுருங்கி அதைக் குடலுக்குள் விடும். பித்தநீருக்குள் கொலஸ்ரரோல் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாத சாமான். அதைக் கரைத்து வைத்திருப்பவை பித்த உப்புகளும் லெசித்தின் என்ற கொழுப்பும். கொலஸ்ரரோல் ஒரு பக்கம், இந்த இரண்டும் மறு பக்கம். கொலஸ்ரரோல் பக்கம் கூடினால் அது பளிங்குத் துகளாக வெளியே வரும்.

இதோடு கணக்கு முடிந்தது என்றுதான் ஒருகாலம் நினைத்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். கொலஸ்ரரோல் அளவுக்கு மிஞ்சிய பித்தநீர் கல் இல்லாத ஆட்களிடமும் தாராளமாக இருக்கிறது. கணக்கு ஒன்றுதான், ஒருவருக்குக் கல் வருகிறது, மற்றவருக்கு வரவில்லை. அப்படியென்றால் புத்தகத்தில் பதியப்படாத ஒரு வரி எங்கோ இருக்கவேண்டும்.

அந்த வரிதான் சளி. மூக்குச் சளியை நினைத்து முகம் சுழிக்காதீர்கள். இரைப்பை, குடல், பித்தப்பை எல்லாவற்றின் உட்சுவரிலும் மெல்லிய சளிப்படை ஒன்று இருக்கிறது. பித்த உப்பு ஒருவகைச் சவர்க்காரம் மாதிரி. சுவரை அரிக்காமல் இருக்க அந்தப் படை வேண்டும். அதன் முக்கியப் பொருளுக்கு மியூசின் என்று பெயர். புரதமும் சர்க்கரையும் சேர்ந்த நீண்ட இழைகள். தண்ணீரை இழுத்து வைத்துக் கூழாக நிற்கும். அளவோடு இருந்தால் காவல். அளவு மிஞ்சினால் அந்தக் கூழ் வலை போலாகி, மிதக்கிற கொலஸ்ரரோல் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துகளோடு துகள் சேரும். பித்தப்பை சுருங்கினாலும் வெளியே போகாது. பிறகு அது கல்.

இதைத் தெளிவாகக் காட்டியது 1981இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நடந்த ஒரு பரிசோதனை. லீ, கேரி, லமோன்ற் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்தது. புல்வெளி நாய் என்று ஒரு பிராணி இருக்கிறது. பெயர்தான் நாய், உண்மையில் அது அணில் குடும்பம். அதற்குக் கொலஸ்ரரோல் கூடிய சாப்பாடு கொடுத்தால் பித்தப்பையில் கல் வரும். அவர்கள் பார்த்தது என்னவென்றால், முதலில் சளிதான் கூடுகிறது, அதற்குப் பிறகுதான் துகளும் கல்லும். இன்னொரு கூட்டத்துக்கு அதே சாப்பாட்டோடு அஸ்பிரினும் கொடுத்தார்கள். சளிச் சுரப்பைத் தூண்டுகிற புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருளை அஸ்பிரின் தடுக்கும். அந்தக் கூட்டத்தில் சளி கூடவில்லை, கல்லும் வரவில்லை. பித்தநீரில் கொலஸ்ரரோல் மட்டும் முன்பு போலவே மிஞ்சித்தான் இருந்தது! சளி இல்லாமல் கொலஸ்ரரோல் மட்டும் தனியே நின்று கல்லாகவில்லை.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாரும் மருந்தகத்தில் போய் அஸ்பிரின் வாங்கவேண்டாம். அந்தப் பிராணிகளுக்குக் கொடுத்தது பெரிய அளவு. மனிதரில் அதே பலன் உறுதியாகவில்லை. இரைப்பையில் இரத்தம் கசிவதுதான் மிஞ்சும்.

சரி, ஹோர்மோனுக்கு வருவோம். ஸ்டெரொயிட் என்றதும் உடற்பயிற்சி நிலையத்துப் பொடியள் போடுகிற ஊசி ஞாபகம் வரும். அது ஒரு சின்னக் கிளைதான். பெண்ணின் ஈஸ்ரோஜன், புரோஜெஸ்ரரோன், ஆணின் ரெஸ்ரொஸ்ரரோன், எல்லாருக்கும் உள்ள கோர்ட்டிசோல் யாவும் ஸ்டெரொயிட் ஹோர்மோன்களே. எல்லாமே கொலஸ்ரரோலில் இருந்துதான் உடம்பு செய்துகொள்வது.

இங்கே ஒரு சின்னப் பாரிஸ் கதை. 18ஆம் நூற்றாண்டில் புல்ற்றியே து லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் பித்தக்கல்லைக் கரைத்து அதற்குள் மெழுகு போன்ற ஒரு பொருளைக் கண்டார். பிறகு செவ்ரொல் என்ற இரசாயனவியலாளர் அதைத் தனிப்பொருள் என்று நிறுவிப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் கோலே என்றால் பித்தம், ஸ்ரெரெயோஸ் என்றால் திண்மம். கொலஸ்ரரோல் என்ற சொல் பிறந்தது அப்படித்தான். அதன் வாலிலிருந்து பிறந்ததுதான் ஸ்டெரொயிட் என்ற சொல். பெயரே பித்தக்கல்லிலிருந்து வந்தது என்றால் பாருங்கள். அந்தச் செவ்ரொல் 102 வயது வாழ்ந்து, ஈஃபெல் கோபுரம் கட்டி முடிந்த அதே 1889ஆம் ஆண்டில் இறந்தார். கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று. அடுத்தமுறை ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் தேடிப் பாருங்கள்.

ஈஸ்ரோஜன் ஈரலுக்குப் போய்ப் பித்தநீருக்குள் இன்னும் கொலஸ்ரரோலைத் தள்ளச் சொல்கிறது. புரோஜெஸ்ரரோன் தசைகளைத் தளர்த்துகிற ஹோர்மோன். வயிற்றில் பிள்ளையைத் தாங்குவதற்குக் கர்ப்பப்பை சுருங்காமல் இருக்கவேண்டும், அதற்காகத்தான். ஆனால் அது பித்தப்பைத் தசையையும் சேர்த்துத் தளர்த்திவிடும். பை முழுதாகச் சுருங்காது, பித்தநீர் தேங்கும். ஒன்று சரக்கைக் கூட்டுகிறது, மற்றது வாசலை மூடுகிறது. தேங்கி நிற்கிற கொலஸ்ரரோல் மிஞ்சிய பித்தநீர் சுவரை உறுத்தும். உறுத்தினால் சுவர் என்ன செய்யும்? தன்னைக் காக்க இன்னும் சளியைச் சுரக்கும்.

ஹோர்மோன் நேரடியாகவே சளியைக் கூட்டுமா என்பதற்கு நாய்களில் ஆதாரம் இருக்கிறது. இது உண்மையான நாய். புரோஜெஸ்ரரோன் வகை மருந்துகள் கொடுத்த பீகிள் இன நாய்களின் பித்தப்பைச் சுவர் தடித்து, சளி நிறைந்த சின்னச் சின்னப் பைகளாக மாறியிருந்ததை 1967இல் பிரித்தானியாவில் எழுதி வைத்தார்கள். கோர்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிற குஷிங் நோய் வந்த நாய்களுக்கு, பித்தப்பை முழுக்கச் சளிக் கூழாக இறுகிப்போகிற நோய் பல மடங்கு அதிகம் வருகிறது என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஸ்கானில் அது குறுக்கே வெட்டிய கிவிப் பழம் போலத் தெரியுமாம். ஆனால் ஒரு கம்பனியின் கணக்கை இன்னொரு கம்பனியின் புத்தகத்தில் பதியமுடியாது. நாயில் கண்டதை அப்படியே மனிதருக்கு எழுதக்கூடாது. ஆஸ்த்மாவுக்கோ மூட்டு நோவுக்கோ கோர்ட்டிசோன் எடுக்கிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்து திடீரென்று குளிசையை நிறுத்திவிட வேண்டாம். அது உயிருக்கே ஆபத்து.

மனிதரில் இந்தக் கதை கண்ணுக்குத் தெரிகிற இடம் கர்ப்பகாலம். பிள்ளைத்தாய்ச்சிகளை எக்கோ எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பத்தில் மூன்று பேர் வரை பித்தப்பையில் சேறு போன்ற ஒன்று தெரிந்திருக்கிறது. சளியும் கொலஸ்ரரோல் துகளும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த கூழ் அது. பிரெஞ்சில் அதற்குப் ‘பூ பிலியேர்’ என்று சொல்வார்கள். எங்கள் சாமிப்படத்துக்கு வைக்கிற பூ அல்ல, சேறு என்று அர்த்தம். வைத்தியர் அந்தச் சொல்லைச் சொன்னால் சிரித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். நல்ல செய்தி என்னவென்றால், பிள்ளை பிறந்து சில மாதங்களில், ஹோர்மோன் இறங்கியதும், பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சேறு தானாகவே கரைந்துபோகிறது. சிலருக்குத்தான் அது கல்லாக நிலைக்கும். பிள்ளைப்பேறு கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு வந்த ‘வாய்வை’ பத்தியச் சாப்பாட்டின் தலையில் போடுகிற அம்மம்மாமார் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அடுத்தது மாதவிடாய் நிற்கிற வயது. நானும் அந்த வயதில்தான் நிற்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் ஆர்வத்தோடுதான் வாசித்தேன். உடம்பு கொதிப்பு, நித்திரையின்மை என்று போனால் வைத்தியர் ஹோர்மோன் எழுதித் தரலாம். அமெரிக்காவில் 22,579 பெண்களை வைத்துச் செய்த பெரிய பரிசோதனையின் முடிவு 2005இல் வந்தது. ஈஸ்ரோஜன் குளிசை எடுத்தவர்களுக்குப் பித்தப்பை நோய் ஏறத்தாழ அறுபது வீதம் கூடியிருந்தது. இங்கே பிரான்சில் ஆசிரியமார் காப்புறுதி நிறுவனத்தில் பதிந்த பெண்களை 1990 தொடக்கம் பின்தொடர்கிற ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, ‘ஈ-த்ருவா-என்’ என்று பெயர். அதில் 70,928 பெண்களின் கணக்கைப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். ஈஸ்ரோஜனைத் தனியாக, வாயால் விழுங்கும் குளிசையாக எடுத்தவர்களுக்குத்தான் பித்தப்பையை எடுக்கவேண்டி வருவது தெளிவாகக் கூடியிருந்தது, 38 வீதம். தோலில் பூசுகிற ஜெல்லுக்கும் ஒட்டுகிற பட்டைக்கும் அப்படிக் கூடவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? விழுங்கிய குளிசை குடலிலிருந்து முதலில் நேரே ஈரலுக்குத்தான் போகும். ஈரல்தானே கொலஸ்ரரோலைத் தள்ளுகிற இடம். தோல்வழி போனால் முழுச் சுமையும் முதலில் ஈரலில் விழாது. பிரான்சில் வைத்தியர்கள் ஜெல்லை விரும்பி எழுதுவதற்கு இரத்தக்கட்டிப் பயம் முக்கிய காரணம். பித்தப்பைக்கும் அது நல்லதாய்ப் போயிற்று. ஆகவே கல் இருக்கிறவர்களும் குடும்பத்தில் கல் உள்ளவர்களும் “எனக்குக் குளிசையா, ஜெல்லா?” என்று ஒரு கேள்வி கேட்டு வாருங்கள்.

கர்ப்பத்தடைக் குளிசையைப் பற்றியும் கேட்பீர்கள். 1973இலேயே அதையும் பித்தப்பை நோயையும் இணைத்து எழுதினார்கள். அக்காலக் குளிசைகளில் ஈஸ்ரோஜன் மிக அதிகம். இன்றைய குறைந்த அளவுக் குளிசைகளில் கூடுதல் ஆபத்து சிறிதுதான். ஏற்கெனவே கல்லும் நோவும் உள்ளவர்கள்தான் வைத்தியரோடு பேசவேண்டும்.

இப்போது எனக்கு உண்மையில் மனதை உறுத்துகிற விடயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் பல அம்மாமார் வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்புக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பதின்மூன்று பதினான்கு வயது மகன் பக்கத்தில் இருக்கிறான். வைத்தியர் கேட்கிறார், “என்ன மருந்து எடுக்கிறீர்கள்? மாதவிடாய் ஒழுங்கா? கர்ப்பத்தடை ஏதாவது?” மகன் தலையைக் குனிந்துகொண்டு, “அம்மா, மருந்து ஏதும் எடுக்கிறியளோ எண்டு கேக்கிறார்” என்று மட்டும் சொல்லுவான். அம்மா “இல்லை” என்பார். அவனுக்கும் வெட்கம், அவவுக்கும் வெட்கம். வைத்தியரின் கோப்பில் ‘மருந்து எதுவும் இல்லை’ என்று பதிவாகிவிடும். பற்றுச்சீட்டில்லாத செலவு போல அந்த ஹோர்மோன் கணக்கில் வராமலே போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆவணி வந்தால் மாணிக்க விநாயகர் தேர். லாச்சப்பல் வீதியெல்லாம் தேங்காய் உடையும். அந்த நாளில் தீட்டு வந்துவிடக்கூடாது என்று தள்ளிப்போடுகிற குளிசை போடுகிறோம். சாமத்தியச் சடங்கு, கலியாணம் என்றாலும் அப்படித்தான். சிலர் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பித்து வைத்திருக்கிறார்கள். நொரெதிஸ்தெரோன் என்ற அந்தக் குளிசை புரோஜெஸ்ரரோன் வகை ஹோர்மோன்தான். நாலைந்து நாள் போட்டதால் கல் வந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதை மருந்தென்றே எங்கள் பெண்கள் எண்ணுவதில்லை, “அது சும்மா கோயிலுக்குப் போட்டது” என்பார்கள். வைத்தியர் மருந்து கேட்டால் அதையும் சொல்லவேண்டும். முன்பு இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

இதற்கு வழி இருக்கிறது. பிள்ளையை வெளியே இருத்திவிட்டு, குளிசைப் பெட்டிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் மேசையில் வையுங்கள். பெட்டிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் தொலைபேசிவழி மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். வைத்தியர் உங்கள் இரகசியத்தை உங்கள் கணவரிடம்கூடச் சொல்ல முடியாது, சட்டம் அப்படி. காப்புறுதி இல்லாத புதியவர்கள் பயந்து வீட்டில் கிடக்கவேண்டாம். எங்கள் பக்கத்து லாரிபுவாசியேர் போன்ற பொது ஆஸ்பத்திரிகளில் ‘பாஸ்’ என்ற பிரிவு அதற்காகவே இருக்கிறது.

எப்போது உடனே 15ஐ அழைக்கவேண்டும்? வலது விலாவுக்குக் கீழோ மேல் வயிற்றிலோ பிடித்த நோவு பல மணித்தியாலம் விடாமல் நின்றால், அதோடு குளிர்காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போனால், நோவு முதுகைத் துளைத்துச் சத்தியும் நிற்காவிட்டால். சின்னக் கல்தான் சில நேரம் பெரிய வினை. அது பித்தக்குழாயில் இறங்கிச் சதையியைக் கிளப்பிவிடும். இந்த நிலையில் உள்ளியும் ஓமமும் வேண்டாம்.

“வயிற்றைக் கிழிப்பாங்கள்” என்ற பயத்தில் ஒளித்துத் திரிகிறவர்களுக்கு ஒரு சொல். ஊரில் நாங்கள் பார்த்த அந்த நீளத் தழும்புக் காலம் போய்விட்டது. சின்னத் துளை வழியே பித்தப்பையை எடுப்பதை 1985இல் ஜேர்மனியில் மியூஹே செய்தார். பிரான்சில் 1987இல் லியோனில் மூரே செய்தார், அடுத்த ஆண்டு பாரிசில் துய்புவா. உலகம் முழுக்கப் பரவியது இங்கிருந்துதான். இன்றைக்குப் பலர் அன்றே அல்லது அடுத்த நாளே வீடு திரும்புகிறார்கள். நோவே இல்லாமல் எக்கோவில் தற்செயலாகத் தெரிந்த கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைப்பார்கள், அதையும் சொல்லவேண்டும்.

கடைசியாக, முன்னரே எழுதி அனுப்பிய மூன்று கேள்விகள். பித்தப்பையை எடுத்த பிறகு பிள்ளை பெறலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. தாராளமாகப் பெறலாம். பை இல்லாவிட்டாலும் ஈரல் பித்தநீரைச் சுரந்து நேரே குடலுக்கு விட்டுக்கொண்டுதான் இருக்கும். இனி வாழ்நாள் முழுக்க எண்ணெய் தொடக்கூடாதா என்று இன்னொருவர். இல்லை. முதல் சில கிழமைகள் சிலருக்கு வயிற்றால் போகும், பிறகு உடம்பு பழகிவிடும். மூன்றாவது கேள்வி ஓர் ஐயாவுடையது: “ஆம்பிளையளுக்கு இது வராதோ?” வரும், ஐயா. வயது ஏற ஏற ஆண்களுக்கும் கூடும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இரு பக்கத்து வித்தியாசமும் குறைந்துகொண்டே வரும். நோவு எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு துண்டில் குறித்து வைத்து உங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள், ஓர் எக்கோவுக்கு எழுதித் தருவார்.